சப்பாத்துப் போட்ட வாத்து

தையற்கடைக்காரனுக்கு வாய் எதற்கு, கை ஓடினால் போதும் என்றுதான் பிராங்பேர்ட்டில் முப்பது வருசம் கடை நடத்தினேன். கடை வைத்திருப்பவர்களே, நீங்களும் இப்படித்தானே? கேளுங்கள்.

இருபது சேர்ட்

தமிழ் விளையாட்டுக் கழகச் செயலாளர் நகுலன், ஊரில் எங்களுக்கு அடுத்த வீட்டுப் பெடியன். போனை நீட்டினான். படத்தில் ஒரு வாத்து. காலில் சிவப்புச் சப்பாத்து, முகத்தில் கோபம். பத்து வயதுக்குட்பட்டோர் அணிக்குச் சின்னமாம். எங்கே எடுத்தாய் என்றேன். இன்டர்நெட்டில் என்றான். எங்கள் கழகங்களின் கழுகு, குதிரை எல்லாம் அங்கே பிடித்தவைதான். நானும் மேலே கேட்கவில்லை.

"பிள்ளையளுக்குப் பிடிச்சிருக்கு அண்ணை, பிறகென்ன? ஞாயிறு மாட்ச். இருபது சேர்ட்டின்ர நெஞ்சிலயும் மெசினில தைச்சுத் தாங்கோ."

மேல்மாடிக்காரி

வெள்ளிக்கிழமை மேல்மாடி ஜெர்மன் கிழவி பாவாடைக்கு ஸிப் மாற்ற வந்தார். மேசையில் இருபது சேர்ட்டும் தைத்து மடித்துக் கிடந்தன. பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டேன்.

கிழவியின் தகப்பன் ஹிட்லர் காலத்துப் போர் விமானியாம். லீவில் வந்தபோது சின்னப் பிள்ளையான இவருடைய மர வாத்துப் பொம்மையைப் பார்த்துப் படம் கீறிக்கொண்டு போனாராம். அதுவே படையணிச் சின்னமாகி, ஒவ்வொரு விமானத்தின் மூக்கிலும் ஏறியது. சின்ன வயதில் இவருக்கு அது பெருமை. தகப்பன் செத்தபிறகு அவருடைய பறப்புக் குறிப்பேட்டை வாசித்திருக்கிறார். தெருவில் ஓடிய சனம், மாட்டு வண்டில், சுட்டதெல்லாம் வரிசையாக எழுதியிருந்ததாம். அந்த வாத்தை இருபது தரம் தைத்தவன் நான்.

"அது என்னுடைய வாத்து. இதற்கென்று நான் கொடுக்கவில்லை" என்றார் கிழவி.

செயலாளர்

நகுலனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எண்பது வருசத்துக்கு முந்தின கதை அண்ணை. இப்ப ஆருக்குத் தெரியும்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஊரில பொம்பர் குண்டு போட வரேக்க பங்கருக்குள்ள என்ர மடியில மூத்திரம் பெய்தவன் நீ. அந்தப் பொம்பரில ஒரு வாத்துக் கீறியிருந்தா, உன்ர மகன்ர நெஞ்சில குத்துவியோ?"

அவன் மேலே கிடந்த சேர்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தையல் பிரிக்கிற பிளேட் எங்க அண்ணை வச்சிருக்கிறியள்?"

சில்லு

சனிக்கிழமை காலையிலிருந்து பிரித்தோம். மெசின் தையல் லேசில் வராது. வந்தாலும் ஊசி ஓட்டை நிற்கும். நாலு சேர்ட்டில் சப்பாத்தைப் பிரித்தால், ஓட்டைகளிலேயே சப்பாத்துத் தெரிகிறது! புதுச் சேர்ட்டுக்கு நேரமில்லை. நாளைக்குப் பிள்ளைகள் எதைப் போட்டுக்கொண்டு விளையாடுவது?

மத்தியானம் கிழவி இறங்கி வந்தார். கையில் அந்த மர வாத்து. பெயின்ட் உரிந்து, கழுத்தில் கயிறு. கோபமும் இல்லை, காலும் இல்லை. அடியில், இழுத்தால் உருள நாலு சில்லு.

"சப்பாத்து அப்பா போட்டது. என் வாத்துக்குச் சில்லுதான். ஓட்டைக்கு மேலே அதைத் தையுங்கள்."

இருபது வாத்துக்கும் சப்பாத்தையும் கோபத்தையும் பிரித்துச் சில்லுப் பூட்டினேன், பிள்ளைகள் ஒன்பது கோல் வாங்கித் தோற்றார்கள், இப்போது எவன் சின்னம் கொண்டு வந்தாலும் அதன் தகப்பன் ஆர் என்று நான் கேட்பதால் வாடிக்கையாளரில் பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போகிறார்கள்.