சிறகின் அடிப்பக்கம்

லவான் ஸ்டூகன்பர்க் தபால் வண்டி ஓட்டுகிறவள். இருபது வருடமாக எங்கள் மாவட்டத்துச் சரளைச் சாலைகளில் கடிதம் போட்டபடியே பறவை பார்க்கிறவள். விலை உயர்ந்த தொலைநோக்கிக்காரர்கள் அவளை ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. மாவட்டப் பறவைப் பட்டியலை வைத்திருக்கும் எவரெட் கிராஸ், அவள் சொன்ன மூன்று அரிய பறவைகளையும் "சாட்சி இல்லை" என்று தள்ளிவிட்டார். அவள் வெளியே சொல்லமாட்டாள். ஆனால் உள்ளுக்குள் அது அறுத்துக்கொண்டேதான் இருந்தது.

மே மாதப் பறவைக் கணக்கெடுப்பில் நான் அவளுக்குத் துணை. எண்ணுவது அவள், எழுதுவது நான். ஒரு வாரம் கொட்டிய மழையில் பண்ணைக்காரர் ஹாஃப்மேனின் சோள வயல் ஏரியாகிக் கிடந்தது. போன வருடத்துத் தட்டைகளுக்கு நடுவே இருநூறு பொன் உப்புக்கொத்திப் பறவைகள். அதில் ஒன்று சிறகைத் தூக்கியது.

"டுவைட்! அடிப்பக்கம் வெள்ளைடா!" என்று என்னிடம் கத்தினாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் வரும் உப்புக்கொத்திக்கு அந்த இடம் சாம்பல். வெள்ளை என்றால் அது ஐரோப்பாவிலிருந்து வழி தப்பி வந்தது. இந்த மாவட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. நான் கண்ணை வைப்பதற்குள் சிறகு மடிந்துவிட்டது. அவள் உடனே எல்லோருக்கும் செய்தி போட்டாள். பத்தே நிமிடத்தில் பதினெட்டு பேர் கிளம்பிவிட்டார்கள். எவரெட்டும்தான்.

"கண்ண எடுக்காத. அவங்க வர்ற வரைக்கும் இது நிக்கணும்," என்றாள்.

நாற்பது நிமிடம் மூச்சுவிடப் பயந்துகொண்டு நின்றோம். மேலே ஒரு வல்லூறு வட்டமடிக்க ஆரம்பித்தது. போய்த் தொலையேன் என்று வாய்விட்டே திட்டினேன். அப்போது சூரியனை மேகம் மூடியது. பறவை மறுபடி சிறகைத் தூக்கியது. லவானின் முகம் செத்துப்போனது.

"சாம்பல்."

"என்ன சொல்ற?"

"தண்ணில பட்ட வெயில் கீழேருந்து அடிச்சிருக்கு. அதான் வெள்ளையாத் தெரிஞ்சுது. நம்ம பறவைதான் இது."

வல்லூறு பாய்ந்தது. கூட்டம் மொத்தமும் எழும்பி வடக்கே மறைந்தது. வயலில் வெறும் தண்ணீர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உயிர் வந்தது. "வாயத் தெறக்காத லவான். வல்லூறு வெரட்டிருச்சு, அவ்ளோதான். எவன் வந்து பொய்னு சொல்லப்போறான்? நானும் பாத்தேன்னு சொல்றேன்."

"நீ பாக்கலயே."

"பாத்தேன்னு வச்சுக்கோயேன்!"

அவள் சாலைப் பக்கம் நடந்தாள். முதலில் வந்தது எவரெட்டின் வண்டி. அவர் கதவைத் திறப்பதற்குள் இவள் போய் நின்றாள்.

"தப்பாப் பாத்துட்டேன் எவரெட். சாதாரணப் பறவைதான். எல்லாரையும் திரும்பிப் போகச் சொல்லிடுங்க."

பின்னாலேயே வந்த ஒருவன், "முக்கா மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்! தபாலப் பாத்துப் போடும்மா, போதும்," என்று கத்தினான். எனக்கு அவன் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. எவரெட் கையைக் காட்டி அவனை அடக்கினார்.

"அது சாம்பல்னு வேற யாரு பாத்தா?"

"நான் மட்டுந்தான்."

எவரெட் வெறும் வயலைத் திரும்பிப் பார்த்தார். "நீ முன்னாடி சொன்ன மூணையும் பட்டியல்ல ஏத்திடறேன்," என்றார்.

அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"அந்த மூணும் சரியாத்தானே பாத்தேன்? அப்பல்லாம் நம்பல. இன்னைக்குத் தப்பாப் பாத்தேன்னு நானே சொன்னதும்தான் நம்பறீங்களா?"