மூடிய கதவுக்கு வெளியே

"தூங்கும்போது குறட்டை விடுவீங்களாய்யா?" என்று கேட்டாள் தூக்கப் பரிசோதனைப் பிரிவின் புது நர்ஸ்.

"தூங்கறப்போ நான் எங்கம்மா முழிச்சிருக்கேன், கேக்கறதுக்கு?" என்றார் பஸ் டிரைவர்.

"டி.வி. பார்க்கும்போது கண் அசருமா?"

"அந்த சீரியலைப் பார்த்தா யாருக்குத்தான் அசராது?"

"வண்டியில பயணியா போகும்போது?"

"பயணியா எப்பம்மா போனேன்? நான் சீட்டை விட்டு எழுந்தா வண்டியே நின்னுடும்."

அந்தப் பதிலுக்கான கட்டம் அவள் கையிலிருந்த ஆங்கிலக் கேள்வித்தாளில் இல்லை. அளவு நாடாவை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றினாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"வயித்தை எக்காதீங்கய்யா. கழுத்தைத்தான் அளக்கறேன்."

அவர் பயம் அவளுக்குப் புரிந்தது. ஓட்டலாம் என்று டாக்டர் சீட்டு தராமல் டெப்போவில் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் பாஸ் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். ஆனால் பெயர் கேட்டபோதே, "டெப்போல 'இன்ஜின்'னா எல்லாருக்கும் தெரியும்" என்று உளறிவிட்டார். ஏன் அந்தப் பெயர் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓய்வறையில் அவர் படுத்தால் மற்ற டிரைவர்கள் தலையணையோடு பஸ்ஸுக்குப் போய்விடுவார்களாம். 

"மூடின கதவுக்கு வெளியே கேக்கற அளவுக்குக் குறட்டை இருக்குமா?"

"சேச்சே, இல்லவே இல்ல."

"இருக்கு!" என்றது மூடிய கதவுக்கு வெளியே ஒரு குரல்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி உள்ளே வந்தாள். "குறட்டை கிடக்கட்டும்மா. நடுவுல மூச்சே நின்னுடுது. நான் உலுக்கினாத்தான் திரும்ப வரும்."

டிரைவரின் முகம் மாறியது. "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னேனே. அப்பவும் தூங்கிட்டுத்தான் இருந்தீங்க."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் கேள்வித்தாளை மேஜைமேல் வைத்தாள். "ஆமான்னு சொன்னா வேலை போயிடாதுய்யா. கொஞ்ச நாள் ஓட்ட முடியாது, அவ்வளவுதான். தூங்கும்போது காத்து குடுக்கற மாஸ்க் போட்டுச் சரியானா டாக்டரே சீட்டு குடுப்பார். மறைச்சு ஓட்டினா, பின்னால உட்கார்ந்திருக்கறவங்க கதி?"

டிரைவர் கேள்வித்தாளை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, "அதெல்லாம் அழிச்சிடும்மா. மொதல்லேருந்து கேளு" என்றார்.

பரிசோதனையில் மூச்சு நிற்பது உறுதியானதும், சீட்டு கிடைக்கும்வரை அவரை டெப்போவில் விசாரணைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தே இருந்தும் எதுவும் நகராதது அவருக்குப் பெரிய தண்டனை. வீட்டிலோ மாஸ்க்கும் குழாயுமாகப் படுத்தவரைப் பார்த்து மனைவி, "தும்பிக்கையோட யானை படுத்த மாதிரி இருக்கு. ஆனா பரவால்ல, பிளிறாத யானை" என்றாளாம்.

ஒருவழியாக டாக்டர் கையெழுத்துப் போட்டார். சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட டிரைவர், வாசல்வரை போய்விட்டு நர்ஸின் மேஜைக்குத் திரும்பி வந்தார்.

"ஒரு நாள் என் பஸ்ல ஏறும்மா. முன் சீட்டு வேண்டாம், காவலுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்னால ஜன்னலோரமா உட்காரு. ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும் நீ நல்லாத் தூங்கணும்."