பாத்துக்கலாம்னு சொன்னாரு

என் அக்காவைப் பற்றி யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமெல்லாம் ஒன்றும் இல்லை, பொல்லாதவள். கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவாள். எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடுவேன், கையில் இருக்கும் கத்தரிக்கோலைத் தையல் மேஜைமேல் வீசுவேன், அத்தோடு தீர்ந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "அப்படியா? யாரு சொன்னா? எப்ப சொன்னா?" என்று ஆரம்பிப்பாள். அதற்கு என் சத்தமே தேவலை என்பார் என் வீட்டுக்காரர்.

அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். உறை ஒட்டும் இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. கை மிஞ்சியது, ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காமல் போய்விட்டன. வழக்குப் போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வக்கீலிடம் போனோம். கட்டுப் போட்டிருந்த கையைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார், "பாத்துக்கலாம்மா, தைரியமா போங்க" என்றார். தைரியமாக வந்தோம். அடுத்த முறை போனபோதும் அதையே சொன்னார், அதற்கடுத்த முறையும் அதையேதான். மனு கொடுக்க வேண்டிய கெடு தாண்டிய பிறகுதான் அவர் மனுவே எழுதவில்லை என்று தெரிந்தது.

போய்க் கேட்டோம். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "உங்க கேஸ எடுத்துக்கறேன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. பாத்துக்கலாம்னுதானே சொன்னேன்" என்று கையை விரித்தார். அந்த அறையில் நான் போட்ட சத்தம் கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும். படியிறங்கும்போது அக்கா, "அவரு சொன்னது சரிதான்டி. அப்படித்தான் சொன்னாரு. நமக்குத்தான் வேற மாதிரி காதுல விழுந்திருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சட்ட உதவியாளர் படிப்பு. மாலைநேரக் கல்லூரி. வக்கீலாவதற்கான படிப்பு இல்லை இது. வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு எழுதுவது, கோப்பு தயாரிப்பது, மனுவைத் தட்டச்சு செய்வது, எந்தக் கெடு எப்போது முடிகிறது என்று பார்ப்பது, இதற்கெல்லாம் பழக்கித் தருகிற படிப்பு. தொழிலாளர் நீதிமன்றத்து வாசலில் ஓர் உதவி மேஜை இருக்கிறது. அடிபட்டவர்களும் வேலை போனவர்களும் முதலில் அங்கேதான் வருவார்கள். அந்த நாற்காலி காலியாகப் போகிறது, இந்தச் சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த அதிகாரி அக்காவிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வருகிற ஆளிடம் முதல் கேள்வியைத் தான் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். இவள் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு ஆசிரியர் வாயைத் திறக்குமுன் கையைத் தூக்குவாள். முதல் மாதத்திலேயே "அப்ஜெக்‌ஷன் அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன், அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

படிப்பு அப்படியொன்றும் அவளுக்குச் சுலபமாக வரவில்லை. வழக்குச் சுருக்கம் என்று ஒன்று எழுத வேண்டும். ஒரு தீர்ப்பைப் படித்துவிட்டு, நடந்தது என்ன, கேள்வி என்ன, நீதிபதி என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டும். அக்கா எழுதிய முதல் சுருக்கத்தில் "நடந்தது என்ன" என்பதற்குக் கீழே முதல் வரியே, "இந்த முதலாளி ஒரு திருட்டுப் பயல்." தொழில் ஒழுக்கப் பாடம் எடுக்கும் மேடம்தான் அதைத் திருத்தியவர். சிவப்பு மையில் அடித்து, "இது நிகழ்வு அல்ல, கருத்து" என்று எழுதியிருந்தார்.

"தீர்ப்ப முழுசா படிச்சா அவன் திருட்டுப் பயல்னுதான்டி தெரியுது" என்று வீட்டுக்கு வந்து குதித்தாள்.

"அப்ப என்ன திருடினான்னு எழுது" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் உட்கார்ந்து யோசித்தாள், பிறகு அப்படியே எழுதினாள், மதிப்பெண்ணும் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி போனது. என் தையல் கடையில் பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டே, "என் மாமியார் ராட்சசி" என்று வழக்கம்போல ஆரம்பித்தால், "கருத்து" என்பாள். "தட்டத் தூக்கி எறிஞ்சாங்க" என்றால், "ம், இது நிகழ்வு. எப்ப? யாரு பாத்தா?" என்பாள். எனக்கு மாமியாரைத் திட்டுகிற சந்தோஷமும் போய்விட்டது.

அந்தப் படிப்பில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. சட்ட உதவியாளர் கட்சிக்காரருக்குத் தகவல் சொல்லலாம், ஆலோசனை சொல்லக்கூடாது. நீதிமன்றம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்லலாம். நீங்கள் வழக்குப் போடுங்கள், போடாதீர்கள், இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லக்கூடாது. அது வக்கீலின் வேலை. மேடம் இதை வாரம் தவறாமல் சொல்வாராம். மீறினால் படிப்பே போய்விடும் என்பாராம். அக்கா அந்த விதியை ஏற்றுக்கொண்டாள். "சரியான விதிதான்டி. அரைகுறையா தெரிஞ்சவ வாய விட்டா ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

கடைசிப் பருவத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி. கல்லூரியே ஒரு வக்கீலைக் காட்டி அனுப்பியது. பழைய ஆள் இல்லை, இவர் வேறு. கெட்டவரும் இல்லை, கட்சிக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். ஒரே நேரத்தில் நாலு வேலையைத் தலையில் போட்டுக்கொள்கிற ரகம். ஒவ்வொரு கோப்பின் அட்டைமேலும் கெடு தேதியைச் சிவப்பில் எழுதி வைப்பது அக்காவின் வேலை.

ஒரு துணிக்கிடங்கில் வேலை பார்த்த அம்மாவின் கோப்பு அங்கே இருந்தது. சொல்லாமல் விடுப்பு எடுத்தார் என்று வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள். வக்கீலோ வியாழக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பித் திங்கட்கிழமைதான் திரும்புகிறார். மனு இன்னும் எழுதப்படவில்லை. அக்கா அட்டையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "சார், இதுக்கு வெள்ளிக்கிழமை கெடு" என்றாள்.

"தெரியும்மா, பாத்துக்கலாம்" என்றார் அவர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தம்மாவே வந்தார். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் அக்கா போய், "சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம்னு சொன்னாரும்மா. நல்ல மனுஷன்."

"பாத்துக்கறேன்னு சொன்னாரா, பாத்துக்கலாம்னு சொன்னாரா?"

அந்தம்மா சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க. பாத்துக்கறேன்னா அவரு பாத்துக்கறாருன்னு அர்த்தம். பாத்துக்கலாம்னா யாரு பாக்கறது, எப்பப் பாக்கறதுன்னு அதுல இல்ல. திரும்பிப் போயி, யாரு, எப்பன்னு கேளுங்க."

கெடு தேதியை அவள் சொல்லவில்லை. மேல்முறையீடு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. சட்டத்தில் ஒரு எழுத்துகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனார். வக்கீல் முதலில் எரிந்து விழுந்தார், பிறகு அட்டையைப் பார்த்தார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டச்சுக்கு ஆளைக் கூப்பிட்டார். பயணத்தைத் தள்ளிப்போட்டு மறுநாள் காலையில் மனுவைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்புமுன் கல்லூரிக்குப் புகார் அனுப்பினார். பயிற்சிக்கு வந்த பெண் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்கிறாள், என்மேல் அவர்களுக்கு நம்பிக்கை போகிற மாதிரி நடக்கிறாள் என்று. மனுஷனுக்கு அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். உள்ளே விடவில்லை. காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டேன். முதல்வர் இருந்தார், மேடம் இருந்தார், புகார் கொடுத்த வக்கீலும் இருந்தார்.

"கட்சிக்காரருக்கு ஆலோசனை சொன்னீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். தமிழ் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம்னு நீங்க சொன்னது தகவல்னே வச்சுக்கலாம். திரும்பிப் போயி கேளுங்கன்னு சொன்னீங்களே, அது? இதச் செய்யுங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்றதுக்குப் பேரு என்ன?"

"சொன்னேன் மேடம்" என்றாள் அக்கா. அந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, அந்தக் கட்சிக்காரர் வந்து உங்களுக்காகப் பேசினால் கேட்கிறோம் என்றார்கள். எழுந்துபோய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று எனக்குக் கை கால் எல்லாம் பரபரத்தது.

அந்தம்மாவைத் தேடிக்கொண்டு அக்காவும் நானும் போனோம். அவர் எங்களை வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க சொல்லலைன்னா என் கேஸு போயிருக்கும், எனக்குத் தெரியும். ஆனா அவருதானே இப்ப என் கேஸ நடத்தறாரு. அவரப் பகைச்சுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றி கெட்ட ஜென்மம் என்று அந்த வாசலிலேயே கத்திவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "சும்மா இருடி. நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்."

"நீ வந்திருப்ப."

"அது உன் கருத்து" என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் கல்லூரி ஒரு வழி சொன்னது. "தவறுதலாகச் சட்ட ஆலோசனை வழங்கிவிட்டேன், வருந்துகிறேன்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் தேர்ச்சி. இல்லையென்றால் தொழில் ஒழுக்கமும் பயிற்சியும் மறுபடி ஒரு வருடம். இன்னும் ஒரு மாதத்தில் அந்த உதவி மேஜைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். "போட்டுத் தொலைடி" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுவது எப்போதாவதுதான். "ஒரு வரிதானே, யாரு படிக்கப் போறா?"

"எழுதறதுன்னா நடந்தத எழுதறேன். திரும்பிப் போயி கேளுங்கன்னு சொன்னேன், அதுக்கு வருந்தலைன்னு எழுதித் தரேன். வாங்கிக்குவாங்களா?"

வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். எழுதவில்லை. உதவி மேஜை நாற்காலியில் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். நல்ல பெண்தான், அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அக்காவிடம் மட்டும் நான் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிடிவாதம் பிடித்து யாரை ஜெயித்தாள்? அந்த வக்கீலுக்கு ஒரு கேடும் வரவில்லை. அடுத்த பயிற்சிக்கும் அவரிடமே ஆள் அனுப்பினார்கள்.

இந்த வருடம் அவள் மறுபடி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், புதுப் பிள்ளைகளோடு. போன வாரம் வகுப்பு முடிந்து நேரே என் கடைக்கு வந்து, பட்டன் டப்பாவைத் தள்ளிவிட்டு மேஜைமேல் உட்கார்ந்தாள். மேடம் அன்றைக்குத் தகவலும் ஆலோசனையும் எடுத்தாராம். உதாரணத்துக்கு, போன வருடம் ஒரு மாணவி என்று ஆரம்பித்து, பெயர் சொல்லாமல், செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற அந்தம்மா வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி, இப்படிச் செய்யக்கூடாது என்று முடித்தாராம். அந்த மாணவி முன்னால் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்புறம் அந்தக் கட்சிக்காரங்களுக்கு என்ன ஆச்சு மேடம்? மனு போட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அது நம்ம பாடத்துக்குத் தேவையில்ல" என்றிருக்கிறார் மேடம்.

"போட்டாங்க" என்றாளாம் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஜெயிச்சாச்சு. அந்தம்மா இப்ப பழையபடி வேலைக்குப் போறாங்க."

வகுப்பே திரும்பி அவளைப் பார்த்திருக்கிறது. நான் தையலை நிறுத்திவிட்டேன். "மேடம் என்ன சொன்னாங்க?"

"அடுத்த பக்கத்தத் திருப்பச் சொன்னாங்க."

"நீ என்ன பண்ணின?"

"திருப்பினேன். பரீட்சை இருக்கே."