இரக்கத்துக்குப் போட்ட புள்ளி

மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கிளாக்கர் ஐயா இருந்தார். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடு நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. தொண்ணூறுகளில் இங்கே வந்து இறங்கிய எங்கள் ஆட்களில் பாதிப் பேருடைய அகதி விண்ணப்பத்தை அவர்தான் எழுதினார். காசு வாங்க மாட்டார், ஒரு தட்டு வடை கொண்டுபோனால் போதும். அவர் எழுதிய கடிதம் ஒன்றும் தோற்றதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை அதிகம் பேசியவரும் அவர்தான்.

"முதல் பந்தியை வாசிக்கிறவன் குடிச்சுக்கொண்டிருக்கிற கோப்பியைக் கீழ வைக்கவேணும். ரெண்டாம் பந்தியிலை கண்ணாடியைக் கழட்டவேணும்" என்பது அவருடைய கொள்கை. எங்கள் விண்ணப்பத்தையும் அப்படித்தான் எழுதினார், எங்களுக்கு வதிவிட உரிமை கிடைத்தது. ஆகவே என் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் அவரிடமே கொண்டுபோனதற்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நானே சொல்லிக்கொள்வதோடு சரி.

விஷயம் இதுதான். ஊரில் நான் வணிகப் பட்டப்படிப்பில் இரண்டு வருடம் முடித்திருந்தேன். மூன்றாம் வருடம் தொடங்குமுன் கல்யாணம், கொழும்பு, விமானம். மனுகாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், வேறு இடத்தில் படித்ததைக் கணக்கில் எடுத்து இங்கே இடையில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். என் இரண்டு வருடத்தையும் இரண்டு வருடம் என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பற்று எது வரவு எது என்று முதலிலிருந்து படிப்பதைவிடப் பிஸ்கட்டே மேல் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன்.

"நீர் படிச்சது படிச்சதுதானே. அதை ஆர் இல்லையெண்டு சொல்லுறது?" என்றார் அவர். நல்ல மனிதர், ஆனால் ஓர் அலுவலகத்துக்கும் தனியாகப் போனதில்லை.

விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. உங்களைப் பற்றியும் முன்பு படித்ததைப் பற்றியும் எழுதுங்கள் என்று மேலே போட்டிருந்தது. நாங்கள் படித்தது தமிழில். ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் ஒரு பக்கம் நிறைய எழுதப் பயம். கிளாக்கர் ஐயாவிடம் போய், கிரயக் கணக்கீடு என்ற செலவுக் கணக்குப் பாடத்தில் அறுபத்து மூன்று புள்ளி எடுத்து என் வருடத்துப் பட்சிலேயே முதலாவதாக வந்ததை முதல் வரியில் போடச் சொன்னேன்.

"பிள்ளை, உதை ஆர் வாசிப்பான்? அறுபத்து மூண்டாம்! நீ பொம்பர் வந்த கதையைச் சொல்லு."

சொன்னேன். பொம்பர் என்று நாங்கள் சொல்வது குண்டு போடும் விமானத்தை. அந்தக் கிரயக் கணக்கீட்டுச் சோதனை நடக்கும்போதுதான் அது வந்தது. கிளாக்கர் ஐயா கண்ணை மூடிக் கேட்டார், பிறகு தட்டச்சு இயந்திரத்தை இழுத்து வைத்தார். எழுதி முடித்தபோது கிரயக் கணக்கீடு கடைசிப் பந்தியில் அரை வரியாக ஒதுங்கி நின்றது. வாசித்துப் பார்த்தேன், எனக்கே என்மேல் பாவமாக இருந்தது. அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரத்தில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அனுமதிப் பிரிவில் ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். இரண்டாம் பந்தி வேலை செய்துவிட்டது. நான் உட்காருமுன்பே டிஷ்யூப் பெட்டி என் பக்கம் நகர்ந்து வந்தது.

அவ்வளவு அன்பான ஒருவரை நான் அதற்கு முன் ஓர் அலுவலகத்தில் கண்டதில்லை. எவ்வளவு பட்டுவிட்டீர்கள், அவசரமே வேண்டாம் என்றார். முதலில் ஒரு வருடம் மனுகாவில் ஒரு சின்னச் சான்றிதழ் வகுப்பு, பக்கத்தில் ஓர் உளவள ஆலோசகர், பிறகு மனம் ஆறினால் இங்கே வந்து முதலாம் வருடம் தொடங்கலாம் என்றார். ஏதோ நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்குவதைப்போல ஒவ்வொரு படியாகச் சொன்னார்.

"நான் மூன்றாம் வருடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன்" என்றேன்.

அதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம் வேண்டும், எத்தனை மணி நேரம் படிப்பித்தார்கள் என்று வேண்டும், என்ன புத்தகம் என்று வேண்டும் என்றார். ஊருக்குத் தபால் போகாத காலம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. குண்டு விழுந்ததற்கு அவர் ஓர் அத்தாட்சியும் கேட்கவில்லை. கிரயக் கணக்கீடு படித்ததற்குத்தான் கேட்டார். போரை அப்படியே நம்பிவிட்டார்கள், ஐந்தொகைக் கணக்கைத்தான் நம்ப முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால் டிஷ்யூவில் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்திருப்பேன். அவர் என் புள்ளிப் பட்டியலை எடுத்து, குரலைத் தாழ்த்தி, "இந்தப் புள்ளிகள் நிலைமையைக் கருத்தில் எடுத்துப் போட்டவையா? அப்படியிருந்தாலும் அதில் தவறேதும் இல்லை" என்று கேட்டார். நோய், மரணம் என்று வந்தால் இங்கே அப்படிக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்களாம். அறுபத்து மூன்று, அந்த நிலைமையில் நல்ல முயற்சிதான் என்றும் சொன்னார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம், அது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று வந்தது வேறு, அந்தச் சோதனை நாளின் ஞாபகம். பொம்பர் சுற்றத் தொடங்கியதும் நாங்கள் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பங்கருக்குள் இறங்கினோம். மேற்பார்வையாளரும் கூடவே இறங்கினார். தன் உயிரைக் காப்பாற்ற மட்டுமல்ல, நாங்கள் விடைகளைப் பற்றிக் கதைக்காமல் பார்த்துக்கொள்ளவும். குண்டு விழுந்து மண் உதிர்ந்தபோதும், "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்று விரலை வாயில் வைத்தபடி இருந்தார். நாற்பது நிமிடம் போயிற்று. மேலே வந்த பிறகு சரியாக நாற்பது நிமிடம் கூட்டித் தந்தார், நாற்பத்தொன்று தரவில்லை. எங்கள் ஊரில் அறுபது எடுப்பதே அபூர்வம். அந்த அறுபத்து மூன்றைத்தான் இந்த அம்மா இரக்கப் புள்ளி என்கிறார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "பொம்பர் எல்லோருக்கும்தான் வந்தது. அதற்காக யாருக்கும் ஒரு புள்ளியும் போடவில்லை." குரல் பலத்துவிட்டது. அவர் இன்னும் இரக்கத்தோடு தலையாட்டினார். நான் கோபப்பட்டதுகூடப் போர் செய்த வேலையாகவே அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

பஸ்ஸில் முழு வழியும் எரிந்துகொண்டு வந்து நேரே கிளாக்கர் ஐயா வீட்டில் இறங்கினேன். நடந்ததைச் சொல்லிக் கத்தினேன். அவர் அசையவில்லை.

"இரக்கப்பட்டவவோ?"

"ஓம். நல்லா இரக்கப்பட்டவ."

"அப்ப பாதி வெண்டாச்சு. இன்னொரு கடிதம் எழுதுவம்."

"வேண்டாம் ஐயா, நான் எழுதுறன்."

அதுதான் அவருக்கு நான் செய்த பெரிய அவமரியாதை. அடுத்த இரண்டு வாரம் வடை கொண்டுபோயும் அவர் என்னோடு கதைக்கவில்லை.

தொழிற்சாலை விட்டு வந்து குசினி மேசையில் இருந்து எழுதினேன். இரண்டு வருடத்துப் பாடங்களையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, எந்தத் தவணையில் என்ன படித்தோம், எந்தப் புத்தகம் நூலகத்தில் ஒரே ஒரு பிரதியாக இருந்தது என்பதுவரை எழுதினேன். பெறுமானத் தேய்வு என்ற கணக்குச் சொல்லுக்கு ஆங்கிலம் அகராதியில் பார்த்தேன். இந்த முறை போர் ஒரு வரியும் வரக்கூடாது என்று பிடிவாதம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்களுக்கு இரண்டாம் வருடம் முடிய மூன்று வருடம் எடுத்தது. மூடுவார்கள், திறப்பார்கள், சோதனைக்குத் திகதி போடுவார்கள், தள்ளிப்போடுவார்கள். போரை எடுத்துவிட்டுப் பார்த்தால் பட்டியலில் நான் ஒரே வகுப்பில் மூன்று வருடம் குந்தியிருந்த மக்கு. போரைப் போட்டால் பாவம், எடுத்தால் சோம்பேறி. இரண்டுக்கும் நடுவில் நான் படித்தேன் என்பதற்கு இடமே இல்லை. அன்று கொஞ்சம் அழுதேன், பேனையைத் தூக்கி எறிந்தேன், அதைக் கணவர் எடுத்துக்கொண்டு வந்து திரும்ப மேசையில் வைத்தார்.

கடைசியில் ஒரே ஒரு வசனம் போட்டேன்: "பல்கலைக்கழகம் இடையிடையே மூடப்பட்டதால் இரண்டாம் வருடம் மூன்று வருடங்களில் முடிந்தது." ஏன் மூடப்பட்டது என்று எழுதவில்லை. கடைசி வரியில், என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதினேன்.

பார்த்தார்கள். கணக்கீட்டு விரிவுரையாளர் ஒருவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நைந்த ஸ்வெற்றர் போட்ட மனிதர். நலம் விசாரிக்கவில்லை, எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. பழைய வினாத்தாள் ஒன்றைத் தந்துவிட்டு, எதிரில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டபடி தன் வேலையைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். ஐந்தொகை இரண்டு பக்கமும் சமப்பட்டது. அடியில் அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடு கீறிக் கொடுத்தேன். மேலிருந்து கீழே பார்த்தார்.

"இப்போது யாரும் கோடு கீறுவதில்லை. மற்றதெல்லாம் சரி" என்றார்.

அந்த மனிதரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. நியூசிலாந்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

வணிகச் சட்டம் ஒன்றைத் தவிர எல்லாப் பாடத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அது நியாயம்தான். மாசியில் மூன்றாம் வருடத்தில் போய் இருந்தேன்.

இதோடு நிறுத்தினால் நான் வென்ற கதையாகிவிடும். ஆண்டு முடிவில் ஒரு சோதனையின் நடுவில் தீ அலாரம் அடித்தது. கீழ்மாடியில் யாரோ டோஸ்டரில் பாண் துண்டு வாட்டப் போய்க் கருக்கிவிட்டார்கள். எல்லோரையும் புல்தரைக்கு அனுப்பினார்கள். நல்ல வெயில். பழக்கதோஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சுற்றி நின்றவர்கள் நாலாம் கேள்விக்கு என்ன விடை என்று சத்தமாக ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், மேற்பார்வையாளரும் ஒருவரோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டு நின்றார். இருபது நிமிடத்தில் உள்ளே போனோம், அரை மணி நேரம் கூட்டித் தந்தார்கள். பிறகு, ஏற்பட்ட மன உளைச்சலைக் கருத்தில் கொண்டு எல்லோருக்கும் ஐந்து புள்ளி சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கடிதம் வந்தது. எழுபத்தாறு எடுத்த எனக்கு எண்பத்தொன்று ஆயிற்று. பி பிளஸ் தரம் ஏ மைனஸ் ஆயிற்று.

கிளாக்கர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியே! நீ வேண்டாமெண்டு சண்டை பிடிச்சனி. கேக்காமலே தந்திட்டாங்கள்."

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

பட்டம் முடிந்து வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, அலுவலக மேலாளர் என் இரண்டு புள்ளிப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு விரல் அறுபத்து மூன்றில் இருந்தது, மற்ற விரல் எண்பத்தொன்றில்.

"இங்கே வந்த பிறகு நன்றாக முன்னேறியிருக்கிறீர்கள்" என்று மனம் நிறைந்து சொன்னார்.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. நன்றி என்றேன்.