கூரை போன இடம்

வக்கீல் ஆபீஸ் கிராணி என்றால் டைப் அடிக்கிற வேலை என்று நம்பித்தான் ஈப்போவில் சேர்ந்தேன். கூடப் பிறந்தவர்களுக்கு நடுவில் நின்று வீடு பிரிக்கிற வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டின் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், நாலு பெயரோடு உங்கள் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்களும் நம்ம கூட்டம்தான், உட்காருங்கள். செமோர் சரசக்கா வீட்டு வழக்கைக் கேட்டால் உங்கள் வீடு தேவலை என்று தோன்றும்.

போயிட்டு வரவா?

வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபோது வெளியே வந்த சரசக்காவின் அப்பா செமோரில் கட்டிய பலகை வீடு அது. அவரும் அம்மாவும் போன பிறகு மூன்று பிள்ளைகள் பெயருக்கும் சமமாக ஏறிவிட்டது. மூத்தவர் மணியம் ஈப்போவில் லாரி ஓட்டுகிறார். கடைக்குட்டி கணேசன் கமுந்திங்கில் ஃபேக்டரி சூப்பர்வைசர். நடுவில் சரசக்கா, கல்யாணம் ஆகாதவர். பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்தபடி, படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். ஆண்கள் இருவரும் வீட்டை விற்கவேண்டும் என்றார்கள். சரசக்காவுக்கு அதை விட்டால் போக்கிடம் இல்லை.

நான் முதல் தடவை போனபோது வீட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக நீல ராஃபியா கயிறு கட்டியிருந்தது. மூன்று பங்காம்! பேசிக்கொண்டே இருந்த சரசக்கா போனை எடுத்து, "தம்பி, போயிட்டு வரவா?" என்று கேட்டார். பிறகு கயிற்றைத் தாண்டிக் குளியலறைக்குப் போனார். குளியலறை கணேசன் பங்கில் விழுந்துவிட்டதாம். சொந்த வீட்டில் ஒரு மனுஷி அவசரத்துக்குப் போக கமுந்திங்கில் உத்தரவு வாங்க வேண்டுமா? கணேசனைப் போனில் கூப்பிட்டு ஒரு வாங்கு வாங்கினேன். அவர் அசரவே இல்லை.

"என்னிக்காவது வேணாம்னு சொல்லியிருக்கேனா மேடம்? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறதுல என்ன கஷ்டம், என்ன சுசாலா?"

அண்ணன் எடுத்துப்போன பங்கு

நல்ல மழைக்காலத்தில் சரசக்காவிடமிருந்து அழுகையோடு போன் வந்தது. ஓடினேன். வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வீட்டுக்குள்ளே வானம் தெரிகிறது! மணியம் தன் பங்குக்கு மேலே இருந்த ஜிங்க் தகரங்களை ஆணி பிடுங்கி, தன் லாரியிலேயே ஏற்றிப்போய், ஈப்போ வீட்டுக் கார் போர்ச்சுக்குக் கூரை போட்டுவிட்டார். சாரல் சரசக்கா பக்கம் அடித்து மெத்தை, அரிசி எல்லாம் ஊறிக் கிடந்தன. அவர் மூலையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ சண்டை பார்த்தவள் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மணியத்துக்குப் போன் போட்டேன்.

"என் பங்கை நான் எடுத்துக்கிட்டேன் மேடம். அவ தலைக்கு மேல இருக்கிற ஜிங்க்ல கை வச்சேனான்னு அவளையே கேளுங்க."

சட்டம் சொன்னேன்

மூவரையும் ஆபீசுக்கு வரவழைத்தேன். முறையாகப் பிரிக்கும்வரை இந்த அறை உனது, அந்த அறை எனது என்று கிடையாது. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு ஆணியும் மூன்று பேருக்கும் பொது என்று தொண்டை வற்றச் சொன்னேன். மணியம் கொட்டாவி விட்டார். கணேசன் போனைத் தடவிக்கொண்டிருந்தார். சரசக்கா மட்டும் நாற்காலி நுனிக்கு வந்து கவனமாகக் கேட்டார்.

"அப்ப அந்த ஜிங்க்? அதை எங்க கொண்டுபோய் போட்டாலும் எனக்குப் பங்கு இருக்கா தங்கச்சி?"

போர்ச்சில் குடித்தனம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணியம் போனில் அலறினார். அவருடைய தாமான் குடியிருப்புக்குப் போய் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். கார் நிற்கவேண்டிய இடத்தில் மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, கொடியில் கைலி. சரசக்கா நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மணியத்தை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே மணியத்தின் மனைவி அழுதுகொண்டிருந்தார். மகளைப் பெண் பார்க்க மாலையில் ஆட்கள் வருகிறார்களாம்.

"போகச் சொல்லுங்க மேடம்!" என்று மணியம் குதித்தார். நான் என்னத்தைச் சொல்ல? மண் அண்ணனுடையது, கூரை மூவருடையது. எங்கள் லாயரே தலையைச் சொறிந்திருப்பார். சரசக்கா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தார். குரலை உயர்த்தவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

"சாகிறவரைக்கும் ஒரு கூரை வேணும்னுதானே கேட்டேன் அண்ணே. அதை நீ இங்க கொண்டாந்துட்ட. அதான் நானும் வந்துட்டேன்."

படிக்காமல் போட்ட கையெழுத்து

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஜிங்கும் சரசக்காவும் ஒரே லாரியில் செமோர் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வாரமே மூவரும் ஆபீசுக்கு வந்தார்கள். சரசக்கா உயிரோடு இருக்கும்வரை வீடு அவர் கையில், அதுவரை விற்பனைப் பேச்சே கிடையாது என்று ஒப்பந்தம். மணியம் தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார். கணேசனோ ஒரு வரிகூடப் படிக்காமல் பேனாவை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, படித்துவிட்டுப் போடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"எங்க போடச் சொன்னாலும் போடுறேன் அக்கா. கமுந்திங் பக்கம் மட்டும் வந்துடாத, எங்களுது ஃபிளாட்டு, போர்ச்கூட கிடையாது."

ஆகவே சக பங்காளிகளே, சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்குப் பயப்பட வேண்டாம், அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அப்படியே நம்பிவிடுகிறவர்களிடம் மட்டும் உஷாராக இருங்கள்.