பத்துக்கு எத்தனை

எங்கள் தெருமுனை மெடிக்கல் கடையைத் தாண்டும்போது மனதுக்குள் நாலு வார்த்தை திட்டாமல் நான் இன்றைக்கும் போவதில்லை. கடைக்காரர் தங்கமான மனிதர் என்று காரமடையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். காய்ச்சல், சளி, உடம்பு வலி என்று யார் போய் நின்றாலும், "ஒரு செட்டுப் போட்டுக் குடுங்க" என்று சொன்னால் போதும். நாலு டப்பாவைத் திறந்து, நாலு நிறத்தில் மாத்திரைகளைக் கத்தரியால் வெட்டி, ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். அதில் ஆன்டிபயாடிக் இருக்கும், ஸ்டீராய்டு இருக்கும், என்ன வேண்டுமானாலும் இருக்கும். டாக்டர் சீட்டு எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பல வருடமாக எங்கள் வீட்டின் பாதி வியாதிக்கு அவருடைய செட்டுதான் வைத்தியம்.

அப்படிப்பட்டவர், என் வீட்டுக்காரருக்கு வலி மாத்திரை கேட்டு நான் போய் நின்றபோது கையை விரித்துவிட்டார்.

"சீட்டு வேணுமுங்கக்கா. சீட்டில்லாம அந்த மாத்திரைய நான் தொடவே முடியாதுங்க."

"போன தடவ வாங்கின அட்டை இருக்குது பாருங்க. அதே மாத்திரைதான்."

"தெரியுமுங்க. ஆனா மேல கேமரா இருக்குது பாருங்க. போன வாரம்தான் ஆபீசருங்க வந்து குடைஞ்சுட்டுப் போனாங்க. நீங்க வேற எது வேணுமுன்னாலும் கேளுங்க, எடுத்துத் தாரேன்."

வேற எது வேணுமென்றாலும் தருவாராம். பக்கத்தில் நின்ற ஆளுக்கு அந்த நேரத்திலேயே ஒரு செட்டு வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கத்தரியைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய். இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிய பிறகுதான் தெரிந்தது. இனிக் குணமாக்க வழியில்லை, ஆனால் வலி தெரியாமல் வைத்திருக்கலாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரரும் அது ஒன்றைத்தான் கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம், என் வீட்டில், என் கட்டிலில் இருந்து போய்விடுகிறேன் என்றார். நான் சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு முழுவதும் ஒரு மாத்திரையில்தான் நின்றது. அது உள்ளே போனால் எழுந்து உட்காருவார், பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பார், உப்புமாவில் உப்பு பத்தவில்லை என்று குறை சொல்வார். போகாவிட்டால் துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

அந்த மாத்திரையைப் பையன்கள் போதைக்குப் போடுகிறார்களாம். அதனால் கெடுபிடி. டாக்டர் சீட்டு வேண்டும், அதில் கடைக்காரர் முத்திரை குத்த வேண்டும், யாருக்கு விற்றோம் என்று பதிய வேண்டும், ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது, கோபமில்லை என்று எழுதினால் அது பொய். போதைக்கு வேண்டிய பையன் எங்கிருந்தாவது வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான். சீட்டுக்காகப் பஸ் ஏறி அலைந்தது எழுபதைத் தாண்டிய மனிதர்தான்.

இதில் இன்சூரன்ஸ் கூத்து தனி. எங்கள் மகன் பெங்களூரில் இருக்கிறான். அப்பா அம்மாவுக்கென்று பாலிசி எடுத்து வருடம் தவறாமல் கட்டிக்கொண்டு வந்தான். வயதானவர்களுக்கும் பாலிசி தந்தே ஆக வேண்டும் என்று விதி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று டிவியில் சொன்னபோது நான்கூட நல்லது என்று நினைத்தேன். தந்தார்கள், விலையை ஏற்றித் தந்தார்கள். பிறகு பிரீமியத்துக்கு வரியை எடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு செய்தி. மறுபடியும் சந்தோஷப்பட்டேன், புத்தி இல்லாமல். அடுத்து வந்த பிரீமியத்தைப் பார்த்துவிட்டு மகன் போனில் அந்தத் தொகையை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். வரி போனது எந்தப் பக்கம், விலை ஏறியது எந்தப் பக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும் தினமும் கூப்பிட்டு நலம் விசாரிக்கும் ஏஜென்ட், வியாதி வந்ததும் போனை எடுப்பதை விட்டுவிட்டார்.

இவ்வளவு கட்டிய பாலிசி அந்த மாத்திரைக்குக் காசு தராது. வீட்டில் வைத்துத் தின்கிற எதற்கும் தராது. ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் தரும். இதை எனக்கு விளக்கியது ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண்.

"அட்மிட் ஆயிட்டா எல்லாமே கவர் ஆகுமுங்கம்மா. ரூம், ஊசி, மாத்திரை, எல்லாமே."

"அவருக்கு ஊடுதான் வேணும் கண்ணு. ஊட்டுல இருந்தா உங்களுக்கும் செலவு கம்மிதான?"

"அதுக்கு எங்க சிஸ்டத்துல ஆப்ஷனே இல்லீங்கம்மா."

அவளோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் மேலே கெட்டது நடந்தது. எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெரிய டாக்டர் அன்று ஊரில் இல்லை, அவருக்குப் பதிலாக ஒரு சின்ன டாக்டர். என் வீட்டுக்காரர் நான் வரும்வரை காத்திருக்காமல், டாக்டரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்று, சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக உள்ளே போய்விட்டார்.

மரியாதை. அந்த மனிதரைப் பிடித்த முதல் வியாதி அதுதான். மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில் விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவில் நின்று விலை பேசுவதுதான் அவர் தொழிலாக இருந்தது. இரண்டு பக்கமும் மனம் நோகக் கூடாது. மூட்டை காலில் விழுந்தாலும் "பரவால்லீங்க" என்பார். உங்களுக்கு என்ன தரட்டும் என்று யார் கேட்டாலும் வாயில் ஒரு எண் வராது. "நீங்களே பாத்துப் போட்டுக்கங்க" என்பார். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியும். குறைத்துப் போட்டால் நன்றாக இருக்காது என்று தெரிந்து, கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள்.

அந்தச் சின்ன டாக்டருக்கு ஊர் வேறு பக்கம்.

சீட்டை நான் பஸ்ஸில் வைத்துத்தான் பிரித்துப் பார்த்தேன். அந்த மாத்திரை இல்லை. காய்ச்சலுக்குப் போடும் சாதா மாத்திரை ஒன்றை எழுதி, கீழே இங்கிலீஷில் வலி குறைந்துள்ளது என்று போட்டிருந்தது.

"டாக்டர் உங்களை என்னங்க கேட்டாரு?"

"வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்களே பாத்துப் போட்டுக்கங்கன்னேன். அப்படியில்ல, நீங்கதான் ஒரு நம்பர் சொல்லோணும்னாரு. ஒரு ரெண்டு போட்டுக்கங்கன்னேன்."

"ரெண்டா?"

"கேக்கறவங்ககிட்ட எடுத்ததுமே பத்துன்னு எப்படி புள்ள சொல்றது? அவரு மூஞ்சி கஷ்டமாயிருமல்ல."

வலிக்கும் அடிமாட்டு விலை பேசிவிட்டு வந்திருக்கிறார். சீட்டை மடித்துப் பைக்குள் திணித்தேன். அத்தனை கோபத்திலும், பஸ் குழியில் இறங்கும்போதெல்லாம் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடிக்கிற பிடியைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

கையில் இருந்த மாத்திரை தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் நான் மெடிக்கல் கடையில் போய்க் கெஞ்சியது. உள்ளூர் டாக்டரிடமும் போனேன். வைத்தியம் பார்க்கிற இடத்திலேயே எழுதி வாங்குங்க, நான் எழுதினா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க என்று அவரும் கைகழுவினார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், டோக்கன் போட்டு நேரில் வரச் சொன்னார்கள். பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. மகன், "பேசாம அட்மிட் பண்ணீரலாம்மா, இன்சூரன்ஸ் குடுத்துரும்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு மாத்திரைக்குத் தராத காசை ஒரு ரூமுக்குத் தருகிறோம் என்று சொல்லி, ஒரு குடும்பத்தையே ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ளுகிறார்கள்.

அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பேப்பர் அவர் பக்கத்தில் மடிப்புப் பிரியாமல் கிடந்தது.

அடுத்த டோக்கனுக்கு வாடகைக் கார் பிடித்துப் போனோம். வழியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல் சொல்லிக்கொண்டே போனேன்.

"எட்டுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப நெசமா எத்தனை?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "பத்தெல்லாம் எப்பவோ தாண்டிப் போச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அதுதான் முதல் தடவை வந்தது, அதுவும் எனக்கு மட்டும்.

இந்தத் தடவை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். அதே சின்ன டாக்டர். கண் கம்ப்யூட்டரில், விரல் கீபோர்டில்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லா இருக்கறனுங்க டாக்டர். நீங்க சாப்ட்டீங்களா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"பத்துக்கு எத்தனை சொல்லலாம்?"

"பரவால்லீங்க. ஒரு மூணு…"

"அவரு சொல்றதை நம்பாதீங்க டாக்டர்" என்று நான் குறுக்கே புகுந்தேன். "அவரு மரியாதைக்குச் சொல்றாருங்க. தூங்கி எத்தனையோ நாளாச்சு. சோறு எறங்கறதில்லீங்க. துண்டைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துருக்கறாரு."

டாக்டர் அப்போதும் திரும்பவில்லை. "அம்மா, பேஷன்ட் என்ன சொல்றாரோ அதைத்தான் நான் பதிய முடியும். இந்த மாத்திரைக்கு ரூல்ஸ் அப்படி. மூணுக்கு அதை எழுதினா என்னைக் கேப்பாங்க. வீட்டுல கூட இருக்கறவங்க கேக்கறாங்கன்னு எழுதவே கூடாது."

ஆக, பெண்டாட்டி கேட்டால் சந்தேகம். புருஷன் கேட்கவே மாட்டார். இரண்டுக்கும் நடுவில் மாத்திரை மேஜைக்கு அந்தப் பக்கம்.

"சரி, கட்டில்ல படுங்க ஐயா, ஒரு தடவை பாத்துடறேன்."

நானும் நர்ஸும் தூக்கிப் படுக்க வைத்தோம். டாக்டர் எழுந்து வந்து, இங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று முதுகில் இருந்து கீழே அமுக்கிக்கொண்டே வந்தார். பரவால்லீங்க, பரவால்லீங்க என்று இவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. கை இடுப்பெலும்புக்கு வந்தது.

"எட்றா கைய, நாயே."

நர்ஸ் இரண்டடி பின்னால் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. மண்டியில் சுமை தூக்குகிறவர்களைக்கூட வாங்க போங்க என்று பேசுகிற ஆள். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. வெட்கப்படாமல் சொல்கிறேன், எழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். முதல் தடவையாக இவர் முகத்தை நேராகப் பார்த்தார். வேர்த்து, உதடு கடிபட்டு ரத்தம் கசிந்திருந்த முகம். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, முன்னே போட்ட மூன்றை அழித்துவிட்டு ஒன்பது என்று அடித்தார். மாத்திரையை எழுதினார். அடுத்த தடவை அவர் வர வேண்டாம், வீடியோவில் பார்த்தே சீட்டுப் புதுப்பிக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்படி ஒரு வழி இருந்ததை இத்தனை நாள் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நன்றி சொல்ல வாய் வரவில்லை, சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

வெளியே வராந்தா நாற்காலியில் உட்கார வைத்ததும் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். வலிக்கு அழுகிறார் என்று நினைத்தேன்.

"சின்னப் பையன். எத்தனை பேரைக் காலைல இருந்து பாத்துட்டு இருக்கறானோ. நாயேன்னு சொல்லிப்போட்டனே. என்ற வாய்ல அப்படி வந்துருச்சே." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போயி என்ற சார்பா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்துரு, அம்மிணி."

"சரிங்க, சித்தெ இருங்க" என்று எழுந்தேன். டாக்டர் அறைப் பக்கம் போகவே இல்லை. நேராகக் கீழே மருந்து கவுன்டருக்குப் போய் மாத்திரையை வாங்கினேன். முத்திரை குத்தினார்கள், பதிந்தார்கள், என் போன் நம்பரையும் கேட்டார்கள். வழியில் இன்சூரன்ஸ் பெண் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. மேலே வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையைக் கொடுத்தேன்.

விழுங்கிவிட்டு, "கேட்டியா?" என்றார்.

"கேட்டனுங்க. அவரு ஒண்ணும் நெனச்சுக்கலையாமா. வலியில பேசறது சகஜம்னு சொன்னாரு."

"நல்ல பையன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. மாத்திரை தவறாமல் வந்தது. பேப்பர் படித்தார், உப்புமாவைக் குறை சொன்னார். ஒரு மத்தியானம் அவருடைய கட்டிலில், வலி இல்லாமல் போனார். போவதற்கு முந்தின நாள்கூட, அந்த டாக்டர் பையனைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல் என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என்னிடம் கேட்க வேண்டியவர்களே இன்னும் வரிசையாக நிற்கிறார்கள்.