என் ஹார்ட் டிஸ்கில் அவர்களுக்கு என்ன வேலை?

இன்னும் கோபம் அடங்கவில்லை.

எங்கள் பழைய கம்ப்யூட்டர் இனி ஓடாது. அதன் ஹார்ட் டிஸ்கை ஒரு யூ.எஸ்.பி. கேஸில் போட்டால் லேப்டாப்புக்குக் கூடுதல் இடமாகும் என்று, காலையில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன்.

மதியம் வாங்கப் போனால், கடைக்காரரும் அவருடைய நண்பரும் மானிட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நானும் என் தங்கையும் கோவளம் கடலில் நனைந்து நிற்கும் படம்.

"என்ன பண்றீங்க?"

"டிஸ்க் ஓடுதான்னு செக் பண்றேன்க்கா. தொறந்து பாத்தாதானே தெரியும்?"

"அதுக்கு எத்தனை போட்டோ பார்க்கணும்?"

கடைக்காரர் அவசரமாகப் படத்தை மூடினார். நண்பர்தான், "இதுக்குப் போயி இன்னாத்துக்குக்கா கத்தினுகீறே?" என்றார்.

கேபிளோடு டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு கடையில் கேஸை மட்டும் வாங்கி, வீட்டில் நானே மாட்டினேன். நாலே ஸ்க்ரூ, பத்து நிமிட வேலை.

படங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர்கள் காப்பி எடுத்தார்களா என்பதுதான் தெரியவில்லை. தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பீரோ பூட்டைச் சரிசெய்ய வந்தவர் உள்ளே இருக்கும் புடவையைக் கட்டிப் பார்த்தால், 'செக் பண்ணுகிறார்' என்று நீங்கள் சும்மா இருப்பீர்களா?